வசந்தமே இல்லாத நாட்டில் ஹோலி

ஹோலின்னா நமக்கு வடநாட்டுப் பண்டிகை. மிஞ்சிப் போனா சவுகார்பேட்டை. ஆனா தென் அமெரிக்காவில் சுரினாம்னு ஒரு குட்டி நாடு இருக்கு. அங்கே ஹோலிக்கு அரசு விடுமுறை! பேரு 'ஹோலி பக்வா'. பால்குன மாதத்திலிருந்து வந்த பெயர்.

இது எப்படி அங்கே போச்சு? பொறுமையா படிங்க.

1863-ல் டச்சுக்காரர்கள் சுரினாமில் அடிமை முறையை ஒழித்தார்கள். ஆனால் விடுதலையானவர்களில் பெரும்பாலோர் இன்னும் 10 வருடம் தோட்டங்களில் ஒப்பந்த வேலை செய்தாக வேண்டும் என்று சட்டம் (இதுக்குப் பேரு விடுதலையாம்!). அந்தக் கெடு 1873-ல் முடிகிறது. அப்புறம் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1870-லேயே பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு இந்தியாவில் ஆள் பிடிக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

1873 பிப்ரவரி 26. கல்கத்தாவிலிருந்து 'லல்லா ரூக்' கப்பல் கிளம்புகிறது. ஏறியவர்கள் 410 பேர். ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தவர்கள் 399 பேர். அந்த வருடம் ஹோலி வந்தது மார்ச் நடுவில். கணக்குப் போட்டுப் பாருங்க, நடுக்கடல்!

ஒரு டாக்டரா என்னை உறுத்தும் விஷயம் ஒண்ணு. அந்தக் காலத்துக் கூலிக் கப்பல்களில் மருத்துவருக்குச் சம்பளமே, உயிரோடு கரை இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்றுதான். மனம் உடைந்தவர்கள் சீக்கிரம் நோயில் விழுகிறார்கள் என்று மேளம், பாட்டு, ஆட்டத்தைக்கூட ஊக்குவித்தார்கள். அக்கறையா, வசூலா? ரெண்டும்தான்னு வச்சுக்கலாம்.

1916 வரை சுமார் 34,000 பேர் போனார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசத்து ஏழைகள். ஐந்து வருட ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் தண்டனை. மூன்றில் ஒரு பங்கினர் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் அங்கேயே நிலம் வாங்கித் தங்கினார்கள்.

சுரினாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். மழைக்காலம் உண்டு, வெயில் காலம் உண்டு. வசந்தம் கிடையாது! இருந்தும் பஞ்சாங்கத்தை விடவில்லை. வசந்த பஞ்சமியன்று ஆமணக்குச் செடி நட்டு, பௌர்ணமி இரவு விறகு அடுக்கி ஹோலிகாவை எரிப்பார்கள். டோலக் அடித்துச் சௌதால் பாட்டு. மறுநாள் வண்ணப் பொடி.

(நம்மவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் காமன் கூத்தைக் கொண்டு போனதும் இதே கதைதான். மாசிப் பௌர்ணமி, எரிப்பது காமனை.)

1975-ல் சுரினாம் சுதந்திரம் பெற்றபோது, அதையொட்டி பல்லாயிரம் பேர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தி ஹேக் நகரத் தெருக்களில் இப்போது அவர்களின் ஹோலி. நூறு வருடம் கழித்து, குளிர் முடிந்து வசந்தம் வரும் ஒரு மார்ச் மாதம் அவர்களுக்கு மறுபடி கிடைத்திருக்கிறது. என்ன, கொஞ்சம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பொடி தூவணும்!