ஈந்து: ஒரு பெயர், இரு மரங்கள்

மாட்டுப்பட்டி, மூணாறு, மறையூர் வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க்கடையில் கலந்து புழங்கும் மொழிகள். மரம், செடி, உணவு பற்றிய சொற்களில் பெரும்பாலானவை இரு பக்கமும் ஒன்றே என்பதால், பொருளும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது எளிது. அந்த எளிமை நம்மை ஏமாற்றும் இடங்களில் ஒன்று ‘ஈந்து’ என்னும் சொல். தமிழில் ஈந்து என்பது ஈச்சமரம். மலையாளத்தில் ஈந்து என்றால் பனைக் குடும்பத்தையே சேராத, பூவாத தாவரமாகிய சைக்கஸ். முன்னதன் பழத்தைப் பறித்தவுடன் தின்னலாம். பின்னதன் விதையைப் பதப்படுத்தாமல் தின்றால் நஞ்சு.

முதலில் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். ஈந்து, ஈஞ்சு, ஈச்சு ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். ‘ஐந்து’ பேச்சில் ‘அஞ்சு’ ஆவதுபோல ‘ஈந்து’ ‘ஈஞ்சு’ ஆகிறது. ‘ஈச்சு’ வந்த வழி சற்று வேறு. இரும்பு ‘இருப்புப்பாதை’ என்னும் தொகையில் வல்லினம் பெறுவதுபோல, ஈந்தும் தொகையில் ‘ஈத்து’ ஆகும். பாரிமகளிர் குப்பைமேல் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணியதைக் கூறும் புறநானூற்றுப் பாடலிலும், எயினர் குடிசையின் கூரையைக் கூறும் பெரும்பாணாற்றுப்படையிலும் இம்மர இலை இந்த வல்லின வடிவத்திலேயே வருகிறது. ‘சிரித்து’ ‘சிரிச்சு’ ஆனதுபோல அந்த ‘ஈத்து’ பின்னர் ‘ஈச்சு’ ஆயிற்று. தமிழ்ப் பேச்சு கைவிட்ட அப்பழைய வடிவம் மலையாளத்தின் ‘ஈத்தப்பழம்’ என்னும் சொல்லில் இன்றும் உயிரோடிருக்கிறது.

சங்கப் பாடல்கள் சுட்டும் மரம் அரபு நாட்டுப் பேரீச்சை அன்று. இந்நிலத்தில் தானே வளரும் ஈச்சு. கடலோர மணலிலும் செம்மண் மேட்டிலும் புதராக நிற்கும் சிற்றீச்சும், மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் சரிவுகளிலும் வறண்ட காடுகளிலும் வளரும் குட்டையான மலையீச்சும் இவ்வினத்தவை. பழத்தில் சதை மெல்லியது, கொட்டை பெரிது. மாடு மேய்ப்போருக்கும் சிறுவருக்கும் அதுவே போதுமான தின்பண்டம். குருத்தையும் வெட்டித் தின்பர். இலை துடைப்பமாகும், பாயாகும்.

கடல்வழி வந்த பெரிய பழத்துக்குத் தமிழர் இட்ட பெயர் இங்கே கவனிக்கத்தக்கது. தெலுங்கில் நாட்டு மரம் ‘ஈத’, கன்னடத்தில் ‘ஈசலு’. இரண்டும் நம் ஈந்தின் உறவுச் சொற்களே. ஆயினும் இறக்குமதிப் பழத்துக்கு அவ்விரு மொழிகளும் ‘கர்ஜூர’ என்னும் வடசொல்லை எடுத்துக்கொண்டன. தமிழிலும் ‘கர்ச்சூரம்’ உண்டு. ஆனால் மக்கள் வழக்கில் நிலைத்தது ‘பேரீந்து’, ‘பேரீச்சை’. அதாவது, நாம் அறிந்த ஈந்திலும் பெரியது. சிறியதை முன்பே உண்டு பழகியவர்களால்தான் இப்படிப் பெயரிட முடியும். இன்று நிலைமை தலைகீழ். கடையில் பேரீச்சை வாங்கும் மாணவர் பலர் ஈச்சம்பழத்தைக் கண்டதில்லை.

மலையாளம் வேறு வழியில் சென்றது. அங்கு ஈந்தப்பன, ஈந்தப்பழம் ஆகியவை பேரீச்சையைக் குறிக்க, தனியே நிற்கும் ‘ஈந்து’ சைக்கஸுக்குப் போயிற்று. உச்சியில் கூடையாய் விரியும் இறகு போன்ற இலைகள் இரண்டுக்கும் உண்டு. அந்த ஒப்புமையே பெயர் தாவக் காரணம் என்று கருதுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ இங்கே ஒரு சான்று தருகிறது. அதன் மூன்றாம் தொகுதி காட்டு ஈச்சமரத்தைக் ‘கட்டு இந்தெல்’, அதாவது காட்டீந்தல், என்று பதிகிறது. சைக்கஸுக்கு அது தரும் பெயர் ‘தொட்ட பன்ன’. அந்நூலுக்குத் தகவல் தந்தவர்களின் வழக்கில் ஈந்தும் சைக்கஸும் வேறு வேறு பெயர் பெற்றிருந்தன என்ற அளவுக்கு இதிலிருந்து கூறலாம். மலபார் முழுமைக்கும் இதை நீட்டுவது பொருந்தாது. இலையின் தோற்றம் அறிஞரையும் மயக்கியது: 1753இல் லின்னேயஸ் சைக்கஸைப் பனைகளோடுதான் வைத்தார்.

சைக்கஸ் விதையில் உள்ள சைக்கசின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். ஆனால் அது நீரில் கரையக்கூடியது. மலபார் மக்களும் பழங்குடியினரும் இந்த உண்மையை வேதியியலின் துணையின்றியே அறிந்திருந்தனர். காயை உடைத்து, பருப்பை உலர்த்தி, நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி இடித்து மாவாக்குவர். கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளின் ‘ஈந்துப்பிடி’ அம்மாவின் உருண்டைகளை இறைச்சிக் குழம்பில் சேர்த்துச் செய்வது. நெல் தட்டுப்படும் மழைக்காலத்தில் காட்டோர மக்களுக்கு அந்த மாவு பசி தீர்த்தது. மலையாள வழக்கு ‘ஈந்தப்பழம்’, ‘ஈந்துங்காய்’ என்று பழத்தையும் காயையும் பிரித்தே வைத்திருக்கிறது. அப்படியே உண்பது எது, பக்குவம் செய்து உண்பது எது என்பதற்கு அந்தப் பின்னொட்டே அடையாளமாக உதவுகிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் மலையாளச் சமையற்குறிப்பில் உள்ள ஈந்தை ‘ஈச்சங்காய்’ என்று தமிழாக்கினால் அது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக முடியாது. படித்துச் சமைப்பவரின் உடலுக்கே தீங்கு. எல்லைப்புறங்களில் உணவுச் சொற்களைத் திரட்டும் மாணவர்கள் ‘ஈந்து: உண்ணத்தக்கது’ என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. எந்த மரம், எந்த உறுப்பு, எத்தனை முறை நீர் மாற்றினார்கள் என்பதையும் சொல்பவரின் வாய்மொழியிலேயே பதிய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த சைக்கஸ் இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைப் பக்குவம் செய்யத் தெரிந்தவர்களும் முதியவர்களே. பெயர் அகராதியில் தங்கிவிடும். செய்முறைக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதை நாம்தான் கேட்டு எழுதியாக வேண்டும்.