ஐம்பது கிலோ மகாராணி

வெளிநாடு போய்த் திரும்பும் நண்பர்கள் இரண்டு விஷயங்களைக் கொண்டுவருகிறார்கள். நமக்கு சாக்லெட். அவர்களுக்குத் தொப்பை! ஆறு மாதம் விடியற்காலையில் பீச்சில் நடந்து, ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டு, கஷ்டப்பட்டுக் குறைத்த நாலு கிலோவை, பத்து நாள் ஐரோப்பா டூர் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 'காசு கட்டியாச்சே' என்று காலை பஃபேயில் மூன்று ரவுண்டு. அப்புறம் பஸ்ஸில் தூக்கம். ராத்திரி, பார்த்து இருபது வருஷமான காலேஜ் நண்பர் வீட்டில் விருந்து. எடை ஏறாமல் என்ன செய்யும்?

இந்த விஷயத்தில் தோற்காத ஒரு பெண்மணி சரித்திரத்தில் இருக்கிறார். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கப்பலிலும் ரயிலிலும் நாடு நாடாகச் சுற்றியவர். நான்கு பிள்ளைகள் பெற்றவர். உயரம் 172 சென்டிமீட்டர். கல்யாணமான பெண்ணாக வியன்னாவுக்கு வந்த நாளிலிருந்து அறுபது வயதில் இறக்கும்வரை, அவர் எடை சுமார் ஐம்பது கிலோதான். பல சமயம் அதற்கும் கீழே. இடுப்பு ஐம்பது சென்டிமீட்டர். இருபது அங்குலம்கூட முழுசாக இல்லை!

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். வீட்டில் கூப்பிடும் பெயர் சிசி.

சிசி பிறந்தது 1837 டிசம்பர் 24, மியூனிக்கில். பவேரிய ராஜ வம்சத்தின் ஒரு கிளைக் குடும்பம். அப்பா பிரபு மாக்ஸுக்குக் குதிரை, சர்க்கஸ், ஊர் சுற்றல் என்றால் உயிர். ஏரிக்கரை மாளிகையில் குழந்தைகள் இஷ்டத்துக்கு ஓடி விளையாடி வளர்ந்தார்கள். 1853-ல் சிசியின் அக்கா ஹெலனாவுக்கு ஒரு பெரிய இடம் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், வயது இருபத்து மூன்று. பாட் இஷ்ல் என்ற ஊரில் பெண் பார்க்கும் படலம். வந்த மாப்பிள்ளை அக்காவை விட்டுவிட்டு, கூட வந்த பதினைந்து வயது தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்தது கதை.

மாப்பிள்ளையின் அம்மா சோஃபி, சிசிக்குப் பெரியம்மா. அம்மாவின் சொந்த அக்கா. (நம்ம ஊர்க் கணக்குப்படி மாப்பிள்ளை அண்ணன் முறை! அந்தக் காலத்து ஐரோப்பிய ராஜ குடும்பங்களில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்த்ததில்லை.) 1854 ஏப்ரலில் வியன்னாவில் கல்யாணம். பதினாறு வயதுப் பெண், ஐரோப்பாவிலேயே கெடுபிடி அதிகமான அரண்மனைக்குள் நுழைந்தாள். எதை உடுத்துவது, யாரிடம் பேசுவது, எப்போது எழுந்திருப்பது, எல்லாவற்றுக்கும் விதி. பெரியம்மா மாமியாரானால் பாசம் கூடும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பிறந்த குழந்தைகளை உடனே தன் பக்கத்து அறைகளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் மாமியார். மூத்த பெண்ணுக்கு சோஃபி என்று பெயர் வைத்தபோதுகூட, பெற்றவளைக் கேட்கவில்லை.

1857-ல் சிசி முதல்முறையாகப் பிடிவாதம் பிடித்து, ஹங்கேரிப் பயணத்துக்குக் குழந்தைகளையும் அழைத்துப் போனார். அங்கே இரண்டு வயது சோஃபி ஜுரம் வந்து இறந்துபோனாள். கூட்டிக்கொண்டு போனது யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சிசி பல நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த அரண்மனையில் அவருக்குச் சொந்தமென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் வாய்க்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்ற அதிகாரம். அதை அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1860-ல் விடாத இருமல், ரத்த சோகை, ஓயாத பட்டினி. நுரையீரல் கோளாறு என்று டாக்டர்கள் பயந்தார்கள். வெயில் உள்ள இடத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். சிசி தேர்ந்தெடுத்தது அட்லாண்டிக் சமுத்திரத்தில் இருக்கும் மதீரா தீவை! வியன்னாவிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். விக்டோரியா மகாராணி தன் கப்பலைக் கடன் கொடுத்தார். மதீராவில் உடம்பு தேறியது. 1861-ல் வியன்னா திரும்பினார். நாலே நாளில் இருமல், ஜுரம் மறுபடி ஆஜர். அடுத்த மாசமே கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் பயணம். இருமல் போயே போச்சு. என்ன வியாதி என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இப்போது நம் நண்பர்களின் பிரச்னைக்கு வருவோம். ஊர் சுற்றிக்கொண்டே உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது எப்படி?

முதல் எதிரி, விருந்து. ஒரு பேரரசி எங்கே போனாலும் அந்த ஊர் ராஜா விருந்துக்குக் கூப்பிடுவார். பன்னிரண்டு வகைப் பதார்த்தம், நாலு மணி நேர உட்காரல். சிசி கண்டுபிடித்த வழி, பெயரை மாற்றிக்கொள்வது. 'ஹோஹெனெம்ப்ஸ் சீமாட்டி' என்ற பெயரில் பயணம். பேரரசி வரவில்லை, ஆகவே அரசு விருந்தும் இல்லை! (ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது என்பது வேறு விஷயம்.) 1874-ல் இங்கிலாந்தின் வைட் தீவில் தங்கியிருந்தபோது, பக்கத்திலேயே இருந்த விக்டோரியா மகாராணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் 'மன்னிக்கவும்'. கப்பல் கொடுத்த மகாராணிக்கு இந்த பதில்!

அடுத்தது சாப்பாடு. ஊர் மாறினால் சமையல் மாறும், சமையல் மாறினால் கணக்கு தப்பும். சிசியின் உணவு எந்த ஊருக்கும் கட்டுப்பட்டதல்ல. பால், ஆரஞ்சு, உப்புப் போட்ட முட்டை வெள்ளைக்கரு, அப்புறம் பச்சை மாட்டிறைச்சியைப் பிழிந்து எடுத்த சாறு. அதற்கென்று உலோகத்தில் திருகுப் பிழிவான் ஒன்றே வைத்திருந்தார். பால் நல்ல பாலாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கடல் பயணங்களில் கப்பலிலேயே பசுவும் ஆடும் கூடவே போயின. போகிற நாட்டில் பிடித்த பசுவைப் பார்த்தால் விலைக்கு வாங்கி வியன்னாவுக்கு அனுப்பிவிடுவார். ஷோன்புருன் அரண்மனையில் அவருக்காக ஒரு பால் பண்ணையே நடந்தது.

சதா பட்டினி என்றும் சொல்லிவிட முடியாது. வியன்னாவின் பிரபல மிட்டாய்க் கடை டெமெலின் ரசீதுகள் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டன. ஐஸ்கிரீம், சர்க்கரையில் பொரித்த வயலட் பூக்கள்... தின்றுவிட்டு அடுத்த நாள் தராசில் ஏறி நிற்பார். முள் ஐம்பதைத் தாண்டினால் மறுபடி ஆரஞ்சும் பாலும்தான்.

மூன்றாவது, உடற்பயிற்சி. ஜிம் என்ற வார்த்தையே பெண்களுக்குச் சொல்லப்படாத காலத்தில், தங்கும் அரண்மனைகளில் எல்லாம் பயிற்சி அறை அமைத்துக்கொண்டார். சுவர் ஏணி, குறுக்குக் கம்பி, கயிற்றில் தொங்கும் வளையங்கள். கிறிஸ்தோமானோஸ் என்ற இளம் கிரேக்க மாணவர், சிசிக்கு கிரேக்க மொழி சொல்லித்தர வந்தவர், ஒருநாள் அறைக்குள் நுழைந்து திகைத்துப்போய் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய பேரரசி வளையத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்! உடம்பில் தரை புரளும் கறுப்புப் பட்டு கவுன், ஓரமெல்லாம் தீக்கோழி இறகு. சற்று நேரத்தில் ராஜ குடும்பத்துப் பெண்கள் பார்க்க வருகிறார்களாம். அவர்களுக்காக உடுத்திய உடையிலேயே ஒரு ரவுண்டு! கிறிஸ்தோமானோஸ் பிற்பாடு இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

வெளிநாட்டில் அவருடைய பெரிய உடற்பயிற்சி குதிரை. 1876-லிருந்து சில வருஷங்கள் குளிர்காலம் வந்தால் இங்கிலாந்து, இல்லாவிட்டால் அயர்லாந்து. வேட்டை நாய்களுக்குப் பின்னால் வேலி, பள்ளம், ஓடை என்று பார்க்காமல் பாய்கிற சவாரி. இடுப்பில் ஒரு மடிப்பு விழக்கூடாது என்பதற்காக, சவாரி உடையை அவர் உடம்பில் வைத்தே தைப்பார்கள். 1879-ல் அயர்லாந்தில் துரத்திப் போன மான், மேனூத் பாதிரியார் கல்லூரியின் மதிலுக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே சிசியும்! மாணவர்கள் வாய்பிளந்து நிற்க, நனைந்து நடுங்கிய பேரரசிக்குக் கல்லூரியில் ஓர் அங்கியைப் போர்த்திவிட்டார்கள்.

இடுப்பு நரம்பு வலி வந்து 1882-வாக்கில் சவாரி நின்றது. உட்கார்ந்தாரா? ஊஹூம். கத்திச்சண்டை பழகினார். அப்புறம் நடை. நடை என்றால் நம் பார்க் வாக்கிங் அல்ல. மழையோ வெயிலோ, தெரியாத ஊரின் மலைப்பாதையில் ஆறு மணி, ஏழு மணி நேரம், கிட்டத்தட்ட ஓட்டமாக. கூட வரும் தோழிகள் எல்லாம் பெரிய இடத்துப் பெண்கள். பாவம், நாக்குத் தள்ளிப் போனார்கள். பாதியில் விழுந்தால் ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வண்டி வரும். கடைசிக் காலத்தில் தோழியாகச் சேர்ந்த இர்மா ஸ்டாரை என்ற ஹங்கேரியப் பெண்ணிடம் முக்கியமாகப் பார்த்த தகுதியே, நன்றாக நடப்பாரா என்பதுதான்!

இதுவரை படித்தவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்திருக்கும். அங்கேதான் நிறுத்தி யோசிக்கவேண்டியிருக்கிறது.

172 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐம்பது கிலோ என்பது இன்றைய டாக்டர்கள் போடும் பி.எம்.ஐ. கணக்கில் பதினேழுகூட இல்லை. பதினெட்டரைக்குக் கீழே போனாலே எடை போதாது என்கிறார்கள். 1889 ஜனவரியில் ஒரே மகன் ருடால்ஃப், மேயர்லிங் வேட்டை மாளிகையில் காதலியுடன் பிணமாகக் கிடந்தான். சிசி அன்று உடுத்திய கறுப்பைப் பிறகு கழற்றவில்லை. சாப்பாடு இன்னும் சுருங்கியது, நடை இன்னும் நீண்டது. எடை நாற்பத்தாறு வரை இறங்கியது. கணுக்கால்கள் வீங்கின. பட்டினியால் வருகிற வீக்கம் இது என்றார்கள் வைத்தியர்கள். ஐந்து கோடி ஜனங்களை நெருங்கிக்கொண்டிருந்த சாம்ராஜ்யத்தின் பேரரசிக்கு, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வரும் வியாதி! கணவர் கடிதம் கடிதமாக எழுதிக் கெஞ்சினார், தயவுசெய்து சாப்பிடு என்று. அவர் தோழி நடிகை கத்தரீனா ஷ்ராட்டும் சிசியைப் பார்த்து அதே மாதிரி பத்தியம் பிடிக்க, மனிதர் இரண்டு பக்கமும் தவித்தார்.

முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே போட்டோவுக்கு நிற்பதை நிறுத்திவிட்டார். யாராவது பார்த்தால் விசிறியோ குடையோ முகத்தை மூடிக்கொள்ளும். அளவு மாறாமல் காப்பாற்றிய உடம்பை யாருக்கும் காட்ட மனசில்லை. அப்புறம் யாருக்காகத்தான் இத்தனையும்? 1891-ல் கோர்ஃபுவில் ஆசை ஆசையாக 'அக்கிலியோன்' மாளிகையைக் கட்டி முடித்தார். முடித்த கையோடு அதுவும் சலித்துவிட்டது. விற்றுவிட நினைத்தார்.

1898 கோடையில் இதயம் பலவீனம் என்று ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் வைத்தியசாலை. அங்கிருந்து சுவிட்சர்லாந்து. செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜெனீவா ஏரிக்கரையில் பிரெக்னி என்ற இடத்தில், ரோத்ஸ்சைல்டு குடும்பத்து சீமாட்டி ஒருவர் மதிய விருந்துக்கு அழைத்திருந்தார். கூடப்போன இர்மா தன் நினைவுக் குறிப்புகளில் அந்த மத்தியானத்தை மறக்காமல் எழுதியிருக்கிறார். பேரரசி சாப்பிட்டார். வந்த பதார்த்தங்களை எல்லாம் ருசித்து, ஷாம்பெயினும் குடித்தார். தோட்டத்து ஆர்க்கிட் பூக்களைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணி சுமாருக்கு, ஜெனீவாவின் போ ரிவாஜ் ஹோட்டலிலிருந்து படகுத்துறைக்கு இர்மாவோடு நடந்தார். போலீஸ் காவல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலிய அராஜகவாதி வழியில் காத்திருந்தான். ராஜ குடும்பத்தில் யாராவது ஒருவரைக் கொல்லவேண்டும், அவ்வளவுதான் அவன் திட்டம். சீமாட்டி பெயரில் தங்கியிருப்பது யார் என்று பத்திரிகை எழுதிவிட்டது. கத்தி வாங்கக் காசில்லாமல் ஓர் அரத்தைக் கூராக்கி மரப்பிடி போட்டு வைத்திருந்தான். ஓடிவந்து மார்பில் ஒரே குத்து.

சிசி கீழே விழுந்தார். உடனே எழுந்தார். தூக்கிவிட்டவர்களுக்கு நன்றி சொன்னார். கடியாரத்தைப் பறிக்க வந்தவனோ என்று இர்மாவிடம் கேட்டார். கப்பல் மணி அடித்துவிட்டது, தாமதமாகக் கூடாது என்று விறுவிறுவென நடந்தார். சுமார் நூறு மீட்டர்.

கப்பல் தட்டில் ஏறியபின்தான் சரிந்தார். மூச்சுக்குக் கஷ்டப்படுகிறாரே என்று இர்மா இடுப்பு வாரின் நாடாக்களை அறுத்தார். உள்ளே சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு. எட்டரை சென்டிமீட்டர் ஆழம் இறங்கிய அரம், விலா எலும்பை உடைத்து இதயத்தைத் துளைத்திருந்தது. இறுக்கிக் கட்டிய அந்த இடுப்பு வார்தான் அதுவரை ரத்தத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தது. கரையை விட்டு நகர்ந்திருந்த கப்பலைத் திருப்பினார்கள். துடுப்புகளை வைத்துத் தூளி கட்டி, சிலர் அவரை ஹோட்டலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அதிகம் கனக்கவில்லை.