கூவாகத்தில் கேமரா யார் கையில்?

சித்திரை பிறந்துவிட்டால் விழுப்புரத்தில் லாட்ஜ் அறை கிடைப்பது பெரும்பாடு. மும்பை, பெங்களூரு என்று ரயிலேறி வருகிறவர்களும், சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுமாக ஊர் முழுக்கத் திருநங்கைகள். கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்காக அவர்கள் போக வேண்டியது உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம். அந்தக் கிராமம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, பிறகு விழுப்புரத்தில், 2019 முதல் கள்ளக்குறிச்சியில். கலெக்டர் ஆபீஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. கூத்தாண்டவர் அதே இடத்தில்தான் இருக்கிறார்.

கூத்தாண்டவர் என்பது அரவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான், அவ்வளவுதான். போர் தொடங்கும் முன்பே அவன் களப்பலியாகும் கதை தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. பலிக்கு முந்தைய இரவு கண்ணனே மோகினியாகி அவனுக்கு மாலையிட்டது இந்த வட்டாரம் போற்றி வளர்த்த கதை.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிப் பக்கம் போனால், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கமும் விடிய விடியக் கூத்தும் இன்றும் நடக்கின்றன. இந்த வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கர் ஆல்ஃப் ஹில்டபைடல், 1988இல் வெளிவந்த தன் நூலைச் செஞ்சியிலிருந்தே தொடங்கினார். அரவான் களப்பலியும் இங்கே ஆடப்படும் கூத்துதான். மரபுப்படி அதில் திரௌபதியாக வருவதும் ஆண், மோகினியாக வருவதும் ஆண். ராத்திரி முழுக்க ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஆனால் விடிந்து அரிதாரம் கலைத்த பிறகும் ஒருவர் புடவையை அவிழ்க்க மாட்டேன் என்று நின்றால் அதே ஊர் கல்லெடுக்கும்.

கூவாகத்துக்கு மதிப்பு வந்தது இதனால்தான். கூழ் ஊற்றும் சாகை வார்த்தலில் தொடங்கி 18 நாள் நடக்கும் திருவிழாவில், தாலி கட்டும் அந்த ஓர் இரவு, புடவையோடு நிற்பவரை ‘ஏன்’ என்று யாரும் கேட்பதில்லை. மோகினியைப் போல அரவானுக்கு மனைவியாக, பட்டும் பூவுமாக வரிசையில் நின்று பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் காலை, பெரிய மீசையும் உருட்டி விழிக்கும் கண்களுமாக அரவான் தேரேறுகிறார். விளைந்த தானியத்தையும் காய்கறியையும் குடியானவர்கள் தேர்மீது வீசுகிறார்கள். அரவான் பலியாகும் அழுகளத்தைத் தேர் சேர்ந்ததும் வளையல் உடைகிறது, தாலி அறுபடுகிறது, பட்டுப்புடவை போய் வெள்ளைப்புடவை வருகிறது. ஒப்பாரி காதைப் பிளக்கும்.

பத்திரிகைப் படங்களில் அதிகம் வராத ஒன்றும் உண்டு. தாலி கட்டிக்கொள்வோரில் சுற்றுவட்டார ஆண்களும் சிறுவர்களும் இருக்கிறார்கள். நோய் தீர வேண்டும், பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள். மீசையோடு தாலி கட்டி, மறுநாள் அறுத்துவிட்டு வயல் வேலைக்குத் திரும்புவார்கள். அவர்கள் ஆணா, பெண்ணா என்று யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை.

ஆணும் பெண்ணும் கலந்த இந்தத் தோற்றம் தமிழுக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் மலர்வனம் போகும் வழியில், புகார் வீதியில் ஒரு பேடியின் ஆட்டத்தைக் கூட்டம் நின்று பார்க்கிறது. சுருண்ட தாடி, கூந்தலில் பூ, காதில் வெண்தோடு, உடம்பில் எழுதிய கோலம். சாத்தனார் அதில் எதையும் மறைக்கவில்லை, இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக் காட்டுகிறார். இன்று இன்ஸ்டாகிராமில் தாடிக்கு மேலே மூக்குத்தியும் மல்லிகைப்பூவுமாகப் படம் போடும் பிள்ளைகளை ‘மேல்நாட்டு மோகம்’ என்று திட்டுகிறவர்கள் அந்தக் காதையை ஒருமுறை படிப்பது நல்லது.

விழுப்புரத்துக்கு வேறொரு பங்கு உண்டு. கோயில் கிராமத்தில், மேடை நகரத்தில். மிஸ் கூவாகம் போட்டி இங்கேதான் பேர் வாங்கியது. எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரமும் அந்த மேடையோடு சேர்ந்தே நடந்தது. கூடவே கேமராக்களும் வந்தன. ஆண்டுதோறும் அதே இரண்டு படங்கள்: ஒன்று அலங்காரம், இன்னொன்று அழுகை. மிச்சமுள்ள பதினொரு மாதமும் இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஒரு கேமராவுக்கும் நேரமில்லை.

அந்த மிச்சக் கதையை அவர்களே எழுதவும் பேசவும் தொடங்கினார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான் வித்யா’ 2007இல் வந்தது. 2008இல் விஜய் டிவியில் திருநங்கை ரோஸ் நடத்திய ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சி. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 2009இல் கல்கி சுப்பிரமணியம் திருநங்கைகளுக்கென்று ஒரு திருமண இணையதளம் தொடங்கினார். ஓரிரவுக் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள், கூடவே வாழ ஒரு துணை வேண்டும் என்று பேரோடும் படத்தோடும் பகிரங்கமாகக் கேட்ட இடம் அது.

கூவாகத்துக்கு ஒரு குறையும் இருக்கிறது. அங்கே எல்லோரும் மணப்பெண். ஜமாத், குரு, சேலா என்ற திருநங்கை உறவுமுறைக்குள் வந்தவர்களுக்குத்தான் அது தாய்வீடு. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்கு அந்தக் கதையில் இடமில்லை. இரண்டிலும் அடங்காதவருக்கும் இல்லை. மதுரையில் சிருஷ்டி அமைப்பைத் தொடங்கிய கோபி ஷங்கர் போன்றவர்கள் பாலினம் இரண்டோடு முடிவதில்லை என்று தமிழிலேயே பேசத் தொடங்கியது 2010க்குப் பிறகு. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஆண், பெண் தவிர ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலினத் தெரிவுகளை அமெரிக்காவில் தந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், திருநங்கைகளின் உரிமைகள் பற்றிய நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்று அவரவரே சொல்லலாம், அறுவை சிகிச்சை கட்டாயமில்லை என்றது. கம்பெனி தந்த தெரிவுகளைவிட நீதிமன்றம் தந்த வார்த்தைக்கு இங்கே கனம் அதிகம். 2022இல் தமிழக அரசு, பால்புதுமையர் (குயர்) உட்பட மரியாதையான சொற்களின் பட்டியலைத் தன் அரசிதழிலேயே வெளியிட்டது.

வீட்டில் தெரிந்தால் அடி விழும் ஊர்களில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஃபோன்தான் கண்ணாடி. சொந்தக்காரர்கள் பார்க்க ஒரு கணக்கு, நண்பர்களுக்கு வேறு பெயரில் இன்னொரு கணக்கு. வேட்டியோடு கண்மை, பொட்டோடு அரும்பு மீசை என்று மெல்ல மெல்லப் போட்டுப் பார்ப்பார்கள். வசவும் வந்து விழும். 2020 ஜூனில் டிக்டாக் தடையானபோது, அதில் ஆடிப் பாடிப் பேர் சேர்த்திருந்தவர்கள் வேறு செயலியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் கூவாகத்தில் திருவிழாவே இல்லை. திறந்திருந்தது கைக்குள் இருந்த திரை மட்டும்தான்.

இப்போது கூவாகத்தில் அலங்காரம் முடிந்ததும் முதல் படத்தை அவர்களே எடுத்து, அவர்களே போட்டுவிடுகிறார்கள். ஆகவே, வரும் சித்திரையில் அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரையும் படமெடுக்கும் முன் ‘எடுக்கலாமா அக்கா’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அழுகளத்தில் மட்டும் கேட்கவும் வேண்டாம், ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.