பி-24 லிபரேட்டர் (ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானம்)

இரண்டாம் உலகப்போர்க் காலத்து நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானமான லிபரேட்டரை, அளவு விகிதம் பிசகாமல் சிறிதாக்கி, தரையிலிருந்து ரேடியோ அலையால் இயக்கிப் பறக்கவிடும் மாதிரி. அலமாரியில் வைக்கும் மாதிரிக்குத் தோற்றம் ஒத்தால் போதும். இது பறக்கவும் வேண்டும்.

மூல விமானம்

அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த லிபரேட்டர் 1939 டிசம்பர் 29 அன்று முதலில் பறந்தது. 18,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1944-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆவது ஸ்குவாட்ரன் பரங்கிமலையில் லிபரேட்டர்களுடன் நின்று வங்கக்கடலில் நீர்மூழ்கி வேட்டைக்குப் போய்வந்தது. பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்தி விட்டுப்போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். விமான நிறுவனம் பழுதுநீக்கித் தர, 1948 முதல் 1968 வரை இந்திய விமானப்படை அவற்றை ஓட்டியது. எனவே மாதிரிக்கு மூவண்ண வட்டச் சின்னம் தீட்டினாலும் அது வரலாற்றுக்குப் பொருந்தும்.

அளவும் எடையும்

மூலத்தின் இறக்கை விரிவு 33.5 மீட்டர். 12-இல் ஒரு பங்காகச் செய்தால் 2.8 மீட்டர். எடையோ 12-இன் கனத்தால், அதாவது 1,728-ஆல் குறையும்: 25,000 கிலோ சுமார் 14.5 கிலோவாகும். வேகம் 12-இன் வர்க்கமூலப்படி குறைய வேண்டும். மணிக்கு 340 கி.மீ. ஏறத்தாழ 100 ஆகும். வேகத்தையும் நேராக 12-ஆல் வகுத்து 28 கி.மீ.யில் ஓட்டினால் மாதிரி கீழே விழும்.

அமைப்பு

பால்சா கட்டை, பிளைவுட், ஃபைபர் கொண்டு உடல் அமையும். லைப்போ பேட்டரிகள் நான்கு மோட்டார்களையும் சுழற்றும். சுக்கான்களைச் சர்வோ எனும் சிறு மோட்டார்கள் அசைக்கும். குறுகி நீண்ட இறக்கை என்பதால், வேகம் குறையும்போது அதன் நுனி திடீரெனச் சாயும். இதைத் தவிர்க்க நுனியைச் சற்றே கீழ்நோக்கி முறுக்கிக் கட்டுவர். எடைச் சமநிலையைப் பார்க்க, இருவர் இறக்கையின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும். இல்லையேல் பேட்டரியை முன்னே தள்ளுவர். ஓர மோட்டார் ஒன்று நின்றால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும்; உடனே எதிர்ப்பக்க விசையைக் குறைக்க வேண்டும். கடை ஷட்டர் போலப் பக்கவாட்டில் மேலேறும் குண்டறைக் கதவைச் செய்வதில்தான் கைத்திறன் தெரியும்.

விதிகள்

2021 டிரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்கு, கல்வி, ஆய்வு போன்றவற்றுக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்கும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. வான்வெளியின் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். மஞ்சள், சிவப்பு மண்டலங்களுக்கு அனுமதி வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் மண்டல வரைபடத்தோடு உயரழுத்த மின்கம்பிகளையும் புகைபோக்கிகளையும் பார்த்தே இடம் தேர வேண்டும். 14.5 கிலோ விமானம் ஓடி எழவும் இறங்கவும் தடையற்ற நீண்ட தரை தேவை.