சிதறல்: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் துறைதோறும் மாறும் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

ஒளியியல், கூழ்ம வேதியியல், புள்ளியியல் ஆகிய துறைகளில் ‘சிதறல்’ என்னும் சொல்லும் அதன் இனச்சொற்களும் ஏற்கும் பொருள்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சர் சி.வி. இராமன் குழுவினரின் 1921–1928 காலத்து ஆய்வுகளில் பெயரிடுதல் வகித்த இடத்தை முன்வைத்து, தமிழ்க் கலைச்சொல் வழக்கில் இன்று நிலவும் ஒரு மயக்கத்தைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிதறல், பிரிகை, பரவல், இராமன் விளைவு, கலைச்சொல்லாக்கம்

தென்பெண்ணையாற்றின் கரையிலுள்ள மணலூர்பேட்டையில், வெள்ளக்காலத்து ஆற்றுநீரின் கலங்கல் தன்மையை ஒருவர் அளப்பதாகக் கொள்வோம். நீருள் செலுத்தப்படும் ஒளி, மிதக்கும் துகள்களில் பட்டுப் பல திசைகளிலும் திரும்புகிறது. செங்கோணத்தில் வெளிவரும் ஒளியை நெஃபலோமீட்டர் என்னும் கருவி அளக்கிறது. இது ஒளிச்சிதறல். களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் கூழ்மமாக நிற்கின்றன. வேதியியலார் அத்துகள்களைப் பிரிகை நிலைமை என்பர். பல மாதிரிகளை அளந்தபின், அளவுகள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்றும் கணக்கிட வேண்டும். புள்ளியியலில் இதுவும் சிதறல்தான். ஆகவே அவருடைய அறிக்கையில் ‘சிதறலின் சிதறல்’ என்றொரு தொடர் இலக்கணப் பிழையின்றியே இடம்பெறக்கூடும். அதனைப் படிக்கும் மாணவருக்கு என்ன விளங்கும் என்பதே வினா.

பேச்சுத்தமிழில் இம்மயக்கம் இல்லை. கல்வராயன் மலையில் சாமை பயிரிடுவோர் விதையைத் தூவுகின்றனர். அது நோக்கமுள்ள செயல். மூட்டையிலிருந்து தானியம் சிந்துகிறது, அது இழப்பு. நீர் தானே பரவுகிறது. பிள்ளையார் முன் உடைக்கும் தேங்காயைச் சிதறுகாய் என்கிறோம். மோதலும் அதனால் பல திசைகளில் தெறித்தலும் அச்சொல்லின் உயிர். இயற்பியல் இச்சொல்லை எடுத்துக்கொண்டது பொருத்தமே. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவின் இருப்பை உய்த்துணர்ந்தது, பொன்தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்கள் திரும்பிய கோணங்களைக் கொண்டேயாகும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வழக்குச் சொல்லில் சிதறியது கைவிட்டுப் போனது. இயற்பியலில் சிதறியதே செய்தி கொணர்வது.

1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ் அறிவியற்சொற்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, ஆங்கிலத்திலேயே இக்கருத்தின் பெயர் முழுதும் நிலைபெற்றிருக்கவில்லை. இதற்கு இராமனின் எழுத்தே சான்று. 1921இல் இங்கிலாந்திலிருந்து திரும்புகையில் நடுநிலக்கடலின் நீலத்தைக் கண்ட அவர், அந்நிறம் வானத்தின் எதிரொளிப்பே என்ற ராலேயின் கருத்தை ஐயுற்றார். நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நீக்கியும் நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவு செய்தார். ஆனால் 1922இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய நூலின் தலைப்பில் ‘ஸ்கேட்டரிங்’ இல்லை. மூலக்கூறுகளால் நிகழும் ‘டிஃப்ராக்ஷன்’ என்றே அது பெயர் பெற்றது. டிஃப்ராக்ஷனுக்குத் தமிழில் இன்று வழங்குவது ‘விளிம்பு விளைவு’. அந்நூல் தலைப்பை இச்சொல்லால் பெயர்த்தால், மூலக்கூறுக்கு விளிம்பு ஏது என்ற கேள்வி எழும். விளிம்பில் ஒளி வளைதலைச் சிறப்பாகச் சுட்டும் தமிழ்ச்சொல், மூலச்சொல்லுக்கு அன்றிருந்த அகலத்தை அடைத்துவிடுகிறது.

பெயரின் விளைவு அடுத்த ஆண்டுகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1923இல் கே.ஆர். இராமநாதன், தூய்மைப்படுத்திய நீர்மங்களிலும் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மெல்லிய கூறு எஞ்சுவதைக் கண்டார். அது ‘மெலிந்த ஒளிர்தல்’ எனப் பெயர் பெற்றது. ஒளிர்தல் என்றால் மாசினால் விளைந்திருக்கலாம். மீண்டும் தூய்மை செய்வதே அடுத்த வேலையாகத் தோன்றும். எத்தனை முறை தூய்மை செய்தும் அக்கூறு நீங்கவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் இராமனும் 1928 தொடக்கத்தில் பல நீர்மங்களை மீளச் சோதித்தபோது, அவ்வொளி வலுவாக முனைவுற்றிருப்பதைக் கண்டனர். சாதாரண ஒளிர்தலுக்கு அவ்வியல்பு இராது. 1928 பிப்ரவரி 28இல் நிறமாலைமானி வழி, படுகதிரினின்று விலகிய நிறம் தனித்துத் தெரிந்தது. கண்ணுக்கு அகப்பட்டது 1923இலேயே. அது சிதறலின் ஒரு வகை என்று ஏற்க ஐந்தாண்டு ஆயிற்று. கருவியின் வரம்பும் இதற்குக் காரணந்தான். ஆயினும் பெயர் ஆய்வை வேறு திசையில் செலுத்தியதைப் புறக்கணிப்பதற்கில்லை.

அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் படிகங்களில் இவ்விளைவைக் கண்டனர். ரஷ்ய மொழியில் அது இன்றும் ‘சேர்க்கைச் சிதறல்’ என்று பொருள்படும் பெயரால் வழங்குகிறது. ‘இராமன் விளைவு’ ஒருவரை நினைவூட்டுகிறது. ரஷ்யப் பெயர் நிகழ்வதை விளக்குகிறது. தமிழ்ப் பாடநூல்கள் இராமன் சிதறலை மீட்சியற்ற சிதறல் என வகைப்படுத்துகையில் இவ்விரண்டையும் ஓரளவு இணைத்துக்கொள்கின்றன.

புள்ளியியலுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘டிஸ்பெர்ஷன்’ முப்பட்டகத்தில் நிறம் பிரிவதற்கும், கூழ்மத்தில் துகள் விரவி நிற்பதற்கும், தரவுகள் அகன்று கிடப்பதற்கும் பொதுவானது. தமிழ் இதனைப் பிரித்தே வழங்கியது: முதலாவது நிறப்பிரிகை, அடுத்தது பிரிகை. இவ்வகையில் தமிழ் வழக்கு மூலத்தைவிடத் துல்லியமானது. தரவுகளின் அகற்சிக்கு மட்டும் சிதறல் அளவைகள் என்றும் பரவல் அளவைகள் என்றும் இருவகையாக எழுதுகின்றனர். ‘சிதறல்’ என்றால் மோதலே இல்லாத இடத்தில் மோதற்சொல் வந்து நிற்கிறது. ‘பரவல்’ என்றாலோ, நிகழ்தகவுப் பரவல் என்னும் வேறொரு கருத்தோடு மோதுகிறது. பரவலின் பரவல் என எழுத நேரும். தாவரவியலில் விதை பரவல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

புதுச்சொல் படைத்து இதனைத் தீர்க்கலாம் என்பார் உளர். பல்லாண்டுகள் பாடநூலில் வழங்கிய சொல்லை அகற்றுவது எளிதன்று. அகற்றினால் பழைய நூல்களும் மாணவருக்கு அயலாகும். தமிழின் தொகைச்சொல் இயல்பே போதிய கருவியாகும். மணலூர்பேட்டை அறிக்கையில் ‘ஒளிச்சிதறல் அளவீடுகளின் தரவுச்சிதறல்’ என்று எழுதினால் இரு பொருளும் தம் இடத்தில் நிற்கும். அடைமொழியின்றி வெறும் ‘சிதறல்’ என எழுதும் உரிமையை, ரூதர்ஃபோர்டையும் இராமனையும் கருதி, இயற்பியலுக்கு விட்டுவிடலாம்.