புற்றுநோயாளர் மறுவாழ்வுப் பராமரிப்பு: தமிழ்நாட்டு வரலாறும் செஞ்சி வட்டாரமும்

புற்றுநோயாளர் மறுவாழ்வுப் பராமரிப்பு என்பது, நோயாலும் அதற்கான சிகிச்சையாலும் இழந்த உடல் இயக்கம், பேச்சு, விழுங்கும் திறன், மனவுறுதி, தொழில் ஆகியவற்றை இயன்ற அளவு மீட்டுத் தரும் மருத்துவப் பணியாகும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றும் நோயை எதிர்ப்பவை. அவை முடிந்தபின் நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதே மறுவாழ்வுப் பராமரிப்பின் கேள்வி. விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டை நகரான செஞ்சி போன்ற ஊர்களுக்கு இப்பராமரிப்பு எவ்வாறு படிப்படியாக நெருங்கி வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை எழும் விதம்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற நேரிடுவதுண்டு. அதன்பின் நிணநீர் வடியாமல் தேங்கிக் கை வீங்கலாம். இது நிணநீர் வீக்கம் எனப்படும். வீக்கம் அறுவை முடிந்து பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தும் தோன்றும். தொடக்கத்திலேயே கவனித்து, தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு, கைப்பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கினால் கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் கை கனத்து, அடிக்கடி கிருமித் தொற்று உண்டாகும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கத்தால் வரும் வாய்ப் புற்றுநோயில், சிகிச்சைக்குப் பின் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகலாம். குரல்வளை அகற்றப்பட்டவர் புதிய முறையில் பேசக் கற்க வேண்டும். பெருங்குடல் அறுவைக்குப் பின் சிலர் வயிற்றில் மலப்பை பொருத்திக்கொண்டு வாழப் பழக வேண்டும். எலும்புப் புற்றுநோயால் கால் அகற்றப்பட்டவருக்குச் செயற்கைக் கால் தேவை.

உலகில் தோற்றம்

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கான பராமரிப்பிலிருந்தே மறுவாழ்வு மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது. அமெரிக்காவின் ஹோவர்ட் ரஸ்க் அதன் முன்னோடி. 1952இல் மார்பக அறுவை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண், அதே அறுவைக்கு உள்ளான பிற பெண்களைச் சந்தித்துக் கைப்பயிற்சியும் துணிவும் அளிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். 1960களின் இறுதியில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹெர்பர்ட் டீட்ஸ், புற்றுநோய் மறுவாழ்வைத் தடுப்பு, மீட்பு, துணைநிலை, வலிதணிப்பு என நான்காக வகுத்தார். முழுக் குணம் கிடைக்காதவருக்கும் மறுவாழ்வு உண்டு என்பதே இப்பகுப்பின் பயன்.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பே, சென்னையில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற முயற்சிக்கு அவரைத் தூண்டியது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தனர்.

இதே காலத்தில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு சேதமடைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்த அவர், நியூயார்க்கில் ரஸ்கின் நிறுவனத்தில் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அது முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான பணியில் முன்னின்றாலும், இழந்த திறனை மீட்பதும் மருத்துவரின் கடமையே என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தியது.

முதலமைச்சர் அண்ணா 1968இல் மேற்கண்ட நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு, 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். அவர் பெயரில் காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை, வட மாவட்ட ஏழைகளுக்குச் சென்னைக்கு வெளியே ஒரு வழியைத் திறந்தது.

வலி நிவாரணம் இந்த அளவு வேகமாக வளரவில்லை. கடும் வலிக்குரிய மார்பின் மருந்தைப் பெறுவது, 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் கடினமாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பயன்பாட்டிற்கான உரிம நடைமுறை எளிதாக்கப்பட்டது.

செஞ்சி வட்டார நிலை

செஞ்சி, திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் உள்ளது. நெல்லும் மணிலாவும் இவ்வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். உயர் சிகிச்சைக்கு ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரி சிப்மர் மருத்துவமனைக்கோ, அதனினும் இருமடங்கு தொலைவில் உள்ள சென்னைக்கோ செல்ல வேண்டும். 2010இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஓரளவு தொலைவைக் குறைத்தது.

சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளருக்கு ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும். துணைக்குச் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைத் திட்டம் நெடுங்காலமாக முடிவடையாமல் உள்ளது. எனவே பேருந்தே பெரும்பாலோரின் துணை. அறுவைக்காகக் கடன்பட்டேனும் செல்லும் குடும்பம், கைப்பயிற்சிக்காக வாரந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து செல்வது அரிது. மறுவாழ்வு பாதியில் நின்றுபோவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வேளாண் வேலையின் தன்மையும் இதில் சேர்கிறது. அக்குள் கணுக்கள் அகற்றப்பட்ட பெண், களை எடுக்கும்போதோ புல் அறுக்கும்போதோ கையில் கீறல் படாமல் காக்க வேண்டும்; அந்தக் கையால் பெருஞ்சுமை தூக்குவதைப் படிப்படியாகவே பழக வேண்டும். வேலையையே விட்டுவிடச் சொல்லும் அறிவுரை கூலித் தொழிலாளிக்குப் பயன்படாது. எந்த வேலையை, எப்படி, எப்போதிருந்து செய்யலாம் என்று சொல்வதே அவருக்கான மறுவாழ்வு.

வீடு தேடி வரும் பராமரிப்பு

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளுடன் இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. மருத்துவமனையை நோக்கி நோயாளி சென்ற நிலை மாறி, நோயாளியை நோக்கிப் பணியாளர் வரும் இம்முறை, செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கு மிகப் பொருத்தமானது. பெருமருத்துவமனையில் எழுதப்படும் பயிற்சிக் குறிப்பு, ஊர்ப் பணியாளரின் கைக்கு முறையாக வந்துசேரும்போதே இதன் முழுப் பயன் கிட்டும். வீங்கத் தொடங்கும் கையை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளக்கூடியவர் அவரே.