சுண்ணாம்பும் கஜானாவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் வானம் பார்த்த புஞ்சைகளையும், கண்மாய்க் கரைகளில் பனைமரங்களையும் பார்க்கலாம். மழை பொய்த்தால் புஞ்சை கைவிடும். பனை அவ்வளவு எளிதில் கைவிடாது. இந்த இரண்டிடமும் சர்க்கார் எப்படி வரி கறந்தது என்பதே நான் சொல்ல வந்த சரித்திரம்.

இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1803-இல் கும்பெனியார் அந்த ஜமீனுக்குச் சாசுவத செட்டில்மெண்ட் செய்து, பேஷ்குஷ் தொகையை என்றென்றைக்குமாக நிர்ணயித்தார்கள். விளைச்சல் எவ்வளவு பெருகினாலும் அதற்குமேல் அவர்களுக்கு ஒரு தம்பிடி கிடையாது. ஆனால் கும்பெனியார் ஏமாளிகளா என்ன? செட்டில்மெண்டுக்கு அடிப்படையான 1802-ஆம் வருஷத்து ரெகுலேஷனிலேயே, உப்பு, சுங்கம், மதுபான வரி ஆகியவற்றை ஜமீன்தாருக்கு விடாமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நிலவரி கட்டிப்போட்ட மாடு. மது வரி அவிழ்த்துவிட்ட மாடு!

1886-இல் ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் கள். முன்னது பனையேறியின் குடும்பத்துக்குக் கஞ்சி வார்த்தது. பின்னது கஜானாவுக்குக் காசு வார்த்தது.

1937-இல் ராஜாஜி பிரதம மந்திரியானபோது, சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஆப்காரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி பிறந்தது. குடிக்காதவனும் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, குடிகாரன் வீட்டு அடுப்பை எரிய வைக்கட்டும் என்பது அதன் தர்மம். 1948 அக்டோபர் 2-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது.

அமெரிக்காவில் 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் போயிற்று. அதை ஒழிக்கச் சொன்ன காரணங்களில் வரிப்பணமும் ஒன்று. இங்கும் அதே கதைதான். 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடையாயின. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

வேடிக்கை இனித்தான் இருக்கிறது. 2023-24-இல் மதுவினால் அரசுக்குக் கிடைத்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை பத்தாயிரம் கோடிக்குச் சற்று அதிகம். மீதி சுமார் 35,000 கோடி, மதிப்புக் கூட்டு வரி. அதாவது, ராஜாஜியின் விற்பனை வரிக்கு வாரிசு! மதுவை ஒழிக்கப் பிறந்த வரியின் வம்சம் மதுவையே உண்டு கொழுக்கிறது.

குடிக்காதவன் வரியும் நிற்கவில்லை. குடிகாரன் வீட்டு அடுப்பும் எரியவில்லை. பனையேறி மட்டும் சட்டத்துக்குப் பயந்து கலயத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறான்.